தணிகாசலம் வண்டியின் கறுத்த மீட்டர்

டேஷ்போர்டு மீட்டர் எரியாமல் கறுத்துப்போன வண்டி ஒன்று, மெக்கானிக் வேலை பழகுகிற உங்கள் முன்னால் வந்து நின்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டுவோம் என்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ரிட்டயர் ஆனவன் வந்து “எங்க காலத்துல” என்று ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும் என்றும் தெரியும். எங்கள் காலம் ஒன்றும் பெரிய காலமில்லை. ஒரே ஒரு வயரைத் தேடி மூன்று நாள் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த காலம் அது. போனதே நல்லது.

ஆனால் ஸ்கேனர் வாங்கிய பிறகும் நான் முட்டாள்தனம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. சித்தூரில் நான் வேலை பழகிய ஷெட்டுக்கு, ஏர்பேட்டில் இருந்து ஒருவர் மீட்டர் எரியவில்லை என்று வண்டி கொண்டுவந்தார். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. நான் டேஷ்போர்டைப் பிரித்து, மீட்டரைக் கழற்றி, பெஞ்சில் பரப்பி வைத்துவிட்டேன். ஷெட் ஓனர் வந்தார், பார்த்தார், ஸ்டியரிங் பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கட்டைவிரலால் ஒரு திருப்பு திருப்பிவிட்டுப் போய்விட்டார். பூஜைக்குத் துடைத்தபோது யாரோ அதை அடி வரைக்கும் குறைத்திருக்கிறார்கள். பிரித்ததைத் திரும்ப மாட்ட எனக்கு அரை நாள் ஆனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் அதில் பெரிய தண்டனை.

இனி தணிகாசலம். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் அப்போது எனக்குச் சொந்தமாக ஷெட் இருந்தது. பழைய சின்ன கார் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டிவந்த தணிகாசலத்துக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நகரியில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி வசந்தா. கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருப்பதிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் வந்து போயிருக்கிறார்கள். திரும்பும்போது இரண்டு தடவை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். இனிமேல் பஸ் என்றால் வைத்தியமே வேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்காகவே பழைய வண்டியாகப் பார்த்து வாங்கிய கார் அது. வாங்கி ஆறு மாதம் நன்றாக ஓடியது, ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மீட்டர் மொத்தமும் கறுத்துவிட்டது. வேகம் தெரியவில்லை, டீசல் தெரியவில்லை, சூடு தெரியவில்லை.

இதையெல்லாம் சொன்னது வசந்தா. தணிகாசலம் பேசவில்லை. நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, எத்தனை நாளாக இப்படி, ஹெட்லைட் ஒழுங்காக எரிகிறதா, முன்னால் யாராவது பிரித்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் “சரி” என்றார். எத்தனை நாள் என்று கேட்டால் சரி என்கிறவரை என்ன செய்வது? மனுஷன் பொண்டாட்டியைப் பேசவிட்டுவிட்டு மாடு மாதிரி நிற்கிறான் என்று மனதுக்குள் எரிச்சல்பட்டேன்.

ஸ்கேனரை மாட்டினேன். வண்டியின் மற்ற பாகமெல்லாம் அதற்குப் பதில் சொல்லியது, மீட்டர் மட்டும் பதில் சொல்லவில்லை. மீட்டர் செத்துவிட்டது, வேறு மாற்ற வேண்டும், சென்னையில் இருந்து வர நாலு நாள் ஆகும் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்போது வசந்தா ஒன்று சொன்னார்.

“கால்கிட்ட ஈரமா கீது அண்ணா. ரெண்டு நாளா அப்படியேதான் கீது.”

தண்ணீர் பாட்டில் ஏதாவது கவிழ்ந்திருக்கும்மா என்றேன், குனிந்துகூடப் பார்க்காமல்.

“நான் பாட்டிலே எடுத்துக்கினு வர்றதில்ல அண்ணா.”

இந்த வாக்கியத்தைக் கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது என் காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை. நான் அப்போது மீட்டர் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் வரைக்கும் எப்படி ஓட்டுவது என்று வசந்தா கேட்டார். இதற்கு என்னிடம் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு. முப்பது வருஷமாக எல்லாருக்கும் அதையேதான் சொல்லிவந்தேன். “மீட்டர் என்ன மீட்டர்? இன்ஜின் சத்தமே எல்லாம் சொல்லும். சத்தத்தக் கேட்டு ஓட்டச் சொல்லுங்க, போதும்.” தணிகாசலம் வழக்கம்போல சரி என்றார். வசந்தா என்னை ஒரு கணம் பார்த்தார்.

“நான் கேட்டுக்கறேன் அண்ணா,” என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும், போன் வந்தது. வசந்தாதான். குரல் மெதுவாக இருந்தது, பதற்றம் இல்லை. வடமாலபேட்டை தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் வண்டிகள் ஊர்ந்து போயிருக்கின்றன. அங்கே இவர்கள் வண்டியில் இருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டது. நான், சத்தம் மாறியிருக்குமே, அவர் கவனிக்கவில்லையா என்று கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

“அவருக்குக் காது கேக்காது அண்ணா. தறியில போயிடுச்சி. வெளிய சொல்லிக்கறதில்ல.”

நானே நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பம். என் நைனா இருபது வருஷம் பவர்லூம் கொட்டகையில் நின்று காதைத் தொலைத்தவர். கடைக்காரர் எது கேட்டாலும், டாக்டர் எது கேட்டாலும், “சரி, சரி” என்று தலையாட்டுவார். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். அந்த “சரி”யைச் சின்ன வயசு முழுக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊரில் வேறு எந்த மெக்கானிக்குக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதரைத்தான் சத்தத்தைக் கேட்டு ஓட்டு என்று அனுப்பிவைத்தேன்.

டூல் பையையும் இரண்டு தண்ணீர் கேனையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அங்கே போனதும் முதலில் வண்டியைப் பார்க்கக் கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். நம் கண் தானாக பானெட்டுக்குத்தான் போகும், பழக்கம் அப்படி.

புளியமரத்து நிழலில் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா தன் பெஞ்சைக் காலி செய்து வசந்தாவைப் படுக்கவைத்து, தெலுங்கில் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டே முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். வசந்தாவின் முகம் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். ஏற்கெனவே டயாலிசிஸ் சிஸ்டரிடம் போனில் பேசிவிட்டாராம். காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், அரை மணியில் தலைசுற்றல் நிற்காவிட்டால் திரும்ப வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது குறைந்துவிட்டது என்றார். அப்படியும் என் பைக்கைத் திருப்பி, கிளம்புகிற மாதிரி நிறுத்திவைத்துவிட்டுத்தான் வண்டியிடம் போனேன்.

தணிகாசலம் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்ஜின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொட முடியாது. அதற்குள் மற்றதைப் பார்த்தேன். ரேடியேட்டரை ஆற்றும் ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் சுற்றியது. அதற்குக் கரண்ட் விடுகிற ரிலேயும் நல்ல ரிலே. ஆனால் தானாக ஓடவில்லை. காற்று வாங்கிக்கொண்டு ஓடுகிற ரோட்டில் ஃபேன் இல்லாதது தெரியாது. ஊர்ந்து போகிற இடத்தில்தான் கொதிக்கும். மீட்டர் எரிந்திருந்தால் சிவப்பு விளக்கு வந்திருக்கும். அதுவும் இல்லை.

ஆறிய பிறகு கேனைத் தூக்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். அது குடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சில் படுத்தபடி வசந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டின்னா எவ்ளோ வேணும்னாலும் குடிக்கலாம் இல்ல அண்ணா? எனக்கு ஒரு நாளைக்கெல்லாம் ரெண்டு டம்ளருதான்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. “நான் பாட்டிலே எடுத்துக்கினு வர்றதில்ல.” கிட்னி போனவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான்; தாகம் எடுத்தால் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிற மனுஷி, காலடியில் கவிழ்க்கத் தண்ணீருக்கு எங்கே போவார்? அன்றைக்கே சொன்னார். கேட்டுவிட்டு பார்ட் நம்பர் எழுதினேன் நான்.

கேனைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் சீட்டுக்கு முன்னால் இருந்த கால்மிதியைத் தூக்கினேன். அடியில் கம்பளம் ஊறிப்போய் இருந்தது. பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், உள்ளே பாடியில் போல்ட் போட்டு முடுக்கிய எர்த் வயர் பச்சை பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அந்த வண்டியில் மீட்டருக்கும் ஃபேன் ரிலேவுக்கும் அங்கேதான் எர்த், அது விட்டால் இரண்டும் வேலை செய்யாது. மீட்டர் சாகவே இல்லை. நான்தான் உயிரோடு இருந்ததற்குச் சாவு எழுதிவிட்டேன்.

தணிகாசலத்தைக் கை காட்டிக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன், அப்புறம் கை தானாகச் செய்தது. தறிக் கொட்டகையில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள், கத்தினாலும் கேட்காது. எதிரும் புதிருமாக நின்று, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, கையால் சேர்த்துச் சொல்வார்கள். நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நுனி சேர்த்துப் பிடித்து, பட்டென்று பிரித்துக் காட்டினேன். இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த வயரைக் காட்டினேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஷெட்டில் மாடு மாதிரி நிற்கிறான் என்று நான் நினைத்த மனிதர் கண்ணை விரித்துச் சிரித்தார். எந்தக் கொட்டகை என்று வாயசைத்துக் கேட்டார். ஏகாம்பரகுப்பம் என்றேன். அதற்கப்புறம் அவர் பேசின பேச்சு இருக்கிறதே, பொண்டாட்டியைவிட அதிகம். எல்லாம் சத்தமில்லாமல்.

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது முனை போட்டு முடுக்கினேன். சாவியைப் போட்டதும் மீட்டர் பளிச்சென்று எரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த மழையில் மறுபடி வந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை மூடியைத் தூக்கினேன். மழைத் தண்ணீர் வடிந்து போகும் ஓட்டை அடைத்திருந்தது, பெய்த மழையெல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது. விரலை விட்டு இழுத்தேன். ஒரு கைப்பிடி வேப்பிலை வந்தது.

ஆடியில் எங்கள் பக்கம் வண்டிகளுக்கு அம்மன் பேரில் வேப்பிலை செருகுவார்கள். திருப்பதியில் பாதி வண்டி அப்படித்தான் ஓடும், நம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் இது ஒரு கொத்து இரண்டு கொத்து அல்ல. நிமிர்ந்து தணிகாசலத்தைப் பார்த்தேன். அவருக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும், கிளம்புவதற்கு முன்னால் அம்மன் கோவிலில் வைத்து எடுத்துவந்த இலையை வைப்பர் இடுக்கில் செருகியிருக்கிறார். எதற்காக என்று அவர் சொல்லவில்லை, பெஞ்சில் படுத்திருந்தவரைப் பார்த்தார். வசந்தா கண்ணை மூடியிருந்தார்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்து சொல்லியிருந்தால் வசந்தா காதில் விழுந்திருக்கும். புருஷன் தனக்காக வேண்டி வைத்த வேப்பிலைதான் தன்னை நடுரோட்டில் படுக்கவைத்தது என்று அந்தம்மாவுக்குத் தெரியத் தேவையில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது, அடுத்த செவ்வாய் இவர் மறுபடி செருகுவார். குரலை எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து அவரிடம் சொன்னேன். இங்கே வேண்டாம், உள்ளே கண்ணாடியில் கட்டுங்கள், அம்மனுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அவர் அந்த ஈர இலையை என் கையில் இருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். நீங்களே ஓட்டுங்கள், நான் இனிமேல் தொட மாட்டேன் என்று வாயசைத்தார்.

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, சாவி கை மாறுவதைப் பார்த்துவிட்டு வசந்தா எழுந்து உட்கார்ந்தார்.

“அவரு மேல தப்பு இல்ல அண்ணா. நாந்தான் தூங்கிட்டேன்,” என்றார். “டயாலிசிஸ் முடிஞ்சி ஏறி குந்தினா கண்ணு சொருகும். முன்னெல்லாம் ஊடு வர்ற வரைக்கும் தூங்கிக்கினேதான் போவேன். செவ்வாக்கெழம போறப்ப தூங்கல. நீங்க சொன்னீங்களே, சத்தத்தக் கேளுன்னு. அவருக்கு பதிலா நான் கேட்டுக்கினு வந்தேன். இன்னிக்கி முடியல.”

தம்பிகளே, தங்கச்சிகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டே வந்தார். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, தள்ளாடி வந்து உட்காருகிற ஒருத்தருக்கு நான் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், ஒரு வாக்கியத்தில். அவர் அதை முனகாமல் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஹோஸ் கிளிப்பை முடுக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன்.

சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. நானே ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிடலாம். அன்றைக்கு அதுதான் பத்திரம், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வருகிற செவ்வாய்? இன்று நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் இந்த மனிதர் இனி உட்கார மாட்டார். அப்புறம் பஸ்தான், பஸ் என்றால் அந்தம்மா வர மாட்டார். காது கேட்காதவர்களுக்கும் இப்போது லைசென்ஸ் கொடுக்கிறார்கள். அவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. ஆறு மாதம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். கெட்டது வண்டி. கெடுத்தது நான். அவரிடம் பறிக்க என்ன இருக்கிறது?

இன்ஜினைப் போட்டு, நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் ஓடவிட்டேன். அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். சூடு ஏறியது, பாதிக்கு வந்தது, ஃபேன் ஓட ஆரம்பித்தது, இறங்கியது. அவர் கையைப் பிடித்து ஃபேன் காற்று படும் இடத்தில் காட்டினேன். மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை இறங்கியபோது சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், என் காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று வாயசைத்தேன். வசந்தாவைப் பார்த்தார். அந்தம்மா எழுந்துபோய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் வாங்கினார்.

பைக்கை டீக்கடையில் விட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் அவர் ரொம்ப மெதுவாக ஓட்டினார். கண் ரோட்டுக்கும் மீட்டருக்கும் போய்ப் போய் வந்தது. வசந்தா தலையைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முன்னால் இருக்கிற மீட்டரையே பார்த்துக்கொண்டு.

“எரியுது இல்ல அண்ணா?” என்று திரும்பாமலே கேட்டார்.

எரியுதும்மா என்றேன்.

புத்தூர் வருவதற்கு முன்னாலேயே வசந்தாவின் தலை மெல்ல ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. தணிகாசலம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊரைத் தாண்டும்போது நெரிசலில் வண்டி நின்று நின்று போனது, ஃபேன் ஓடி ஓடி நின்றது. பின்னால் ஒரு லாரிக்காரன் காது கிழிய ஹார்ன் அடித்தான். அந்தம்மா அசையவில்லை.

நகரியில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். எழுப்பவில்லை. திரும்பி என்னிடம், தூங்கட்டும் என்று உதட்டை அசைத்தார். தான் இறங்காமல் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் ஓசைப்படாமல் இறங்கினேன். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிடும் என்று கஸ்டமர்களிடம் வள்ளுவள்ளென்று விழுகிறவன் நான். அன்று அந்தக் கதவைச் சாத்தாமலே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.